‘ராய்’ என்று ஒரு மொழி இல்லை: சிக்கிமின் மொழிகளை ஆவணப்படுத்துவதில் உள்ள நடைமுறைச் சிக்கல்கள்

சிக்கிமின் பரப்பு 7,096 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 6,10,577 பேர். நேபாளி, பூட்டியா, லெப்சா மூன்றும் 1977-ல் ஆட்சிமொழிகளாயின. 1981-ல் லிம்பு சேர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் நேவாரி, ராய், குருங், மங்கர், ஷெர்பா, தமாங், சுனுவார் ஆகியவையும் ஏற்கப்பட்டன. ஆங்கிலத்தைக் கழித்தால் 11 மொழிகள். இவ்வளவு சிறிய நிலப்பரப்புக்கு இது தாராளமான பட்டியல்தான். ஆனாலும் மொழிகளைப் பதிவுசெய்யப் போகிறவர் இதை நம்பி இறங்கினால் முதல் வாரத்திலேயே தடுமாறுவார்.

‘ராய்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர். அதற்குள் பாந்தவா, சாம்லிங், குலுங், துலுங், காலிங், சம்பாங், யம்பு என்று இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. பாந்தவா பேசுபவருக்குத் துலுங் புரியாது. இருவரும் சந்தித்தால் நேபாளியில்தான் பேசிக்கொள்வார்கள். சிக்கிமின் பள்ளிப் பாடநூலில் ‘ராய்’ என்று இருப்பது நடைமுறையில் பாந்தவா. துலுங் வீட்டுப் பிள்ளை தன் ‘தாய்மொழிப் பாடம்’ என்று படிப்பது இன்னொருவர் வீட்டு மொழியை. ‘பூட்டியா’வுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வடக்கே லாச்சேன், லாச்சுங் ஊர்களின் பேச்சும் தெற்கே உள்ள பேச்சும் ஒன்றல்ல.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை, இறுக்கிக் கட்டிவிடுகிறது. 2011-ல் இந்தியா முழுவதும் மக்கள் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை அலசிச் சேர்த்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் ‘மற்றவை’யில் போயின. அந்த 1,369-ஐயும் தொகுத்து, 10,000 பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளாக வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்குக் கீழே உள்ள மொழிகளுக்குத் தனி எண் தருவதில்லை என்பது 1971 முதல் இருக்கும் வழக்கம். ஆக, ஆவணப்படுத்தல் மிக அவசரமாகத் தேவைப்படும் மொழிகளே பட்டியலில் இருக்காது. இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. வீட்டில் நேபாளி மட்டுமே பேசுபவர்கூட, இன அடையாளம் விட்டுப்போகக் கூடாது என்று ‘ராய்’ என்றோ ‘குருங்’ என்றோ எழுதச் சொல்வார். எண் ஒரு பக்கம் குறைந்தும் மறுபக்கம் கூடியும் நிற்கும்.

அதனால் அனுபவமுள்ள களப்பணியாளர் ‘உங்கள் தாய்மொழி எது?’ என்று நேரடியாகக் கேட்பதில்லை. பாட்டியோடு எதில் பேசினீர்கள், பிள்ளைகளோடு எதில் பேசுகிறீர்கள், அம்மா பிறந்த ஊர் எது, உங்கள் பேச்சைப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எந்த ஊர்க்காரர் பேசினால் நேபாளிக்கு மாறாமலே உங்களுக்குப் புரியும் என்று ஐந்தாறாகப் பிரித்துக் கேட்கிறார். கடைசிக் கேள்விதான் மொழிக்கும் வட்டார வழக்குக்கும் இடையே கோடு போட உதவும். ‘பிள்ளைகளோடு’ என்ற கேள்வி மொழியின் ஆயுளைச் சொல்லிவிடும்.

ஏட்டில் ஏறிய வரலாறு பழையதுதான். முன்னாள் பிரிட்டிஷ் அதிகாரி பிரையன் ஹாட்சன் 1850களில் டார்ஜிலிங்கில் இருந்துகொண்டு, ராய் மொழிகளும் லிம்புவும் அடங்கிய கிராதி மொழிகளின் சொற்பட்டியல்களையும் பாஹிங், வாயு மொழிகளின் வினைவடிவங்களையும் வெளியிட்டார். மெய்ன்வாரிங்கின் லெப்சா இலக்கணம் 1876-ல் வந்தது. அவர் தொகுத்த அகராதியை கிரூன்வெடல் முடித்து 1898-ல் வெளியிட்டார். பிறகு கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு வந்தது. அதில் மதராஸ் மாகாணம் சேர்க்கப்படவில்லை, இமயம் சேர்ந்தது. ஒவ்வொரு மொழியிலும் பைபிளின் கெட்ட குமாரன் உவமைக் கதையை மொழிபெயர்த்து வாங்குவது அதன் முறை. ஒரே கதை என்பதால் மொழிகளை ஒப்பிட வசதி. ஆனால் மொழிபெயர்ப்பில் கிடைப்பது எப்போதும் மூலத்தின் அச்சில் வார்த்த பேச்சு. இந்தச் சிக்கல் நூறாண்டு கழித்தும் போகவில்லை. அன்று உவமைக் கதை இருந்த இடத்தில் இன்று நேபாளி வினாத்தாள் இருக்கிறது.

கேட்கும் மொழி மறைப்பவை

சிக்கிமில் எந்த மொழியைப் பதிவுசெய்யப் போனாலும் கேள்வி பெரும்பாலும் நேபாளியில்தான் கேட்கப்படும். எல்லாருக்கும் அது தெரியும், வேலை வேகமாக நடக்கும். ஆனால் நேபாளியில் இல்லாத வேறுபாடுகள் எல்லாம் அந்த வேகத்தில் நழுவிவிடும். பதிவுக் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதை மீட்டுத் தராது.

தமிழருக்கு உடனே விளங்கும் எடுத்துக்காட்டு ‘நாம்’, ‘நாங்கள்’. நேபாளியில் இரண்டுக்கும் ‘ஹாமி’ ஒன்றே. லிம்புவில் நான்கு இருக்கின்றன. நீயும் நானும் மட்டும் என்றால் ‘அன்சி’. உன்னை விட்டுவிட்டு நாங்கள் இருவர் என்றால் ‘அன்சிகே’. உன்னையும் சேர்த்துப் பலர் என்றால் ‘அனி’. உன்னை விட்டுப் பலர் என்றால் ‘அனிகே’. ‘ஹாமி’ என்று கேட்டால் பேசுபவர் அந்த நேரத்தில் மனத்தில் தோன்றிய ஒன்றைச் சொல்வார், அது மட்டும் நோட்டில் ஏறும். ஆங்கிலத்தில் கேட்டாலும் இதே கதிதான். தமிழ் பேசும் ஆய்வாளருக்கு இதில் பாதி வழி எளிது. இருமை மட்டும் புதிது.

இந்த வேறுபாடு பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுவதில்லை. கிராதி மொழிகளின் வினைச்சொல் எழுவாயோடும் இசையும், செயப்படுபொருளோடும் இசையும். ஒருமை, இருமை, பன்மை, சேர்த்தது, விட்டது எல்லாம் கூட்டினால் 11 வகை. பார்ப்பவர் 11, பார்க்கப்படுபவர் 11 என்று கட்டம் போட்டால் 121 அறைகள். ‘நான் என்னை’ போன்ற பொருந்தாதவற்றைக் கழித்துவிடலாம். மீதியை இறந்தகாலம், இறவாக்காலம், உடன்பாடு, எதிர்மறை என்று பெருக்க வேண்டும். ஒரே வினைச்சொல்லுக்கு இவ்வளவு. இதை ஒரே அமர்வில் கேட்டு முடிக்க நினைப்பதுதான் புதிதாக வருபவர் செய்யும் பெரிய தவறு. இருபது வடிவங்களுக்கு மேல் போனால் பேசுபவர் களைத்துவிடுவார். பிறகு நினைவிலிருந்து சொல்லாமல், முன்பு சொன்னதைப் பார்த்து ஒப்புமையால் ஒன்றை உருவாக்கித் தருவார். கேட்க ஒழுங்காக இருக்கும். ஊரில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அமர்வுக்கு 15 வடிவங்கள் போதும். கூழாங்கற்களையோ அவரை விதைகளையோ ஆட்களாக வைத்து, ‘இது நீங்களும் நானும், அது அவர்கள் இரண்டு பேர்’ என்று நகர்த்திக் காட்டிக் கேட்டால் நேபாளியின் குறுக்கீடு குறையும். இப்படிக் கிடைத்த ஒவ்வொரு வடிவமும் பின்னால் ஒரு கதையிலோ சண்டையிலோ இயல்பாக வருகிறதா என்று சரிபார்க்கும்வரை அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.

மலைச்சரிவும் இலக்கணத்துக்குள் இருக்கிறது. பல ராய் மொழிகளில் ‘வா’ என்பதற்கு ஒரே வினை கிடையாது. மேலே ஏறி வருவது, கீழே இறங்கி வருவது, அதே மட்டத்தில் வருவது ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. இட வேற்றுமை உருபே மேல், கீழ், சமம் என்று மாறும் மொழிகளும் உண்டு. காங்டாக் நகரத்து அறையில் நாற்காலி போட்டு ‘வா’ என்பதற்குச் சொல் கேட்டால், நான்கு பேர் தத்தம் ஊர் வீட்டை நினைத்துக்கொண்டு வேறு வேறு வினை சொல்வார்கள். கேட்டவர் அதை வட்டார வழக்கு வேறுபாடு என்று குறித்துக்கொள்வார். வீட்டு முற்றத்தில் நின்று, கீழ்வயலிலிருந்து வரும் ஆளைக் கையால் காட்டிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

பூட்டியாவில் இன்னொரு வகைச் சிக்கல். ‘இருக்கிறது’ என்று சொல்லும்போது அது எப்படித் தெரிந்தது என்பதும் வினையிலேயே வந்துவிடும். தன் சொந்த விஷயமாக அறிந்திருந்தால் ‘யோ’, நேரில் பார்த்து அறிந்ததென்றால் ‘து’. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள இடைவெளி நமக்குத் தெரியும். அங்கே அதைவிட நுணுக்கமான அடுக்குகள். மொழிபெயர்க்கத் தரும் வாக்கியத்துக்கு முன்கதை இருப்பதில்லை. ‘வீட்டில் நாய் இருக்கிறது’ என்றால் யார் வீடு, யார் பார்த்தது? ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொல்வார், இரண்டுமே சரி. முன்கதையைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ‘இரு வடிவங்களும் மாறிமாறி வரும்’ என்ற தவறான விதி அச்சேறிவிடும்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். சில இடங்களில் நேபாளி கைகொடுக்கும். ஆங்கில வினாத்தாளில் நெல், அரிசி, சோறு மூன்றும் ஒரே சொல். நேபாளியில் ‘தான்’, ‘சாமல்’, ‘பாத்’ என்று மூன்று, கேள்வி தெளிவாகப் போய்ச்சேரும். உலகெங்கும் பயன்படும் 207 சொற்களின் அடிப்படைப் பட்டியலில் ‘கடல்’ இருக்கிறது. சிக்கிமில் அதைக் கேட்டால் ‘சமுத்ர’ என்று சமஸ்கிருத வழிச் சொல்தான் பெரும்பாலும் வரும். பட்டியல் நிரம்பும், பயன் இருக்காது.

எண்களைக் கேட்கும்போதும் கவனம் தேவை. லெப்சாவும் பூட்டியாவும் மரபாக இருபது இருபதாக எண்ணுபவை. ‘ஒன்று முதல் நூறு வரை சொல்லுங்கள்’ என்றால் பள்ளிக்கூட நினைவு வந்து, பத்துக்கு மேல் நேபாளி எண்கள் கலந்துவிடும். ஒரு கூடை ஆரஞ்சைக் கொட்டி எண்ணச் சொல்வது நல்ல வழி. செடிகொடிகளுக்குப் புகைப்படம் காட்டுவதும் பெரும்பாலும் வீண்தான். அளவும் மணமும் படத்தில் தெரியாது, பெரணிகளில் இது பெரும் குழப்பமாகும். தாவரவியலாளர் ஒருவருடன் காட்டுக்குள் நடந்து, கிளையை ஒடித்து அழுத்திக் காயவைத்த மாதிரிக்கு எண் கொடுத்து, அந்த எண்ணையே அகராதிப் பதிவிலும் எழுத வேண்டும். லெப்சாக்களின் செடியறிவு புகழ்பெற்றது. 1840களின் இறுதியில் இங்கே வந்த பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தாவரம் சேகரிக்க நம்பியது அவர்களைத்தான்.

ஒலியில் கெடுபவை

பதிவின் அளவுகோல் இன்று ஏறக்குறைய எல்லாக் காப்பகங்களிலும் ஒன்றுதான்: சுருக்கப்படாத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரு தடங்கள் என்றால் நிமிடத்துக்கு 17 எம்பிக்குச் சற்று மேல், மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி தொட்டதும் கோப்பை முறித்துப் புதிதாகத் தொடங்கும். நீண்ட சடங்கைப் பதிவுசெய்பவர் இரண்டு மணி நேரம் நெருங்கும்போது இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எம்பி3-ல் பதிவுசெய்துவிட்டுப் பிறகு வேவாக மாற்றுவதில் பயனில்லை. போன ஒலி திரும்பாது.

பள்ளத்தாக்கில் எதிரி ஆறு. டீஸ்டாவும் அதன் கிளைகளும் இரைந்துகொண்டே இருக்கும். அங்கே வாழ்பவர் காதுக்கு அது கேட்காது, மைக்குக்குக் கேட்கும். தானியங்கி ஒலிமட்டம் இயங்கினால், பேச்சு நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கருவி ஆற்றின் இரைச்சலை உயர்த்திவிடும். அதை அணைத்துவிட்டு, உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கும்படி கையால் வைக்க வேண்டும். தலையில் மாட்டும் மைக் வாய்க்கு இரண்டு மூன்று விரல் தள்ளி, ஓரமாக இருந்தால் ஆறு பின்னுக்குப் போய்விடும். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்தால் அன்றைய பதிவு முடிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இதுதான் நிலை. வழியில் அட்டைப்பூச்சி வேறு. மழை விட்டதும் பெரிய ஏலக்காய் அறுவடை, யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அடுப்பங்கரையில் ஆற அமரப் பேசும் காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஆனால் அப்போது 2,600 மீட்டருக்கு மேலுள்ள லாச்சேன், லாச்சுங்கில் உறைபனி. லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், சட்டைக்கு உள்பையில் வைத்துக்கொள்ளலாம். பூஜ்யத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் கருவியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் மூடியபடி அரைமணி நேரம் விட்டு எடுக்க வேண்டும்.

கைபேசியில் பதிவுசெய்வதை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை பாட்டியைப் பதிவுசெய்தது, வெளியாள் வாங்கவே முடியாத பேச்சாக இருக்கலாம். ஆனால் பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி மெல்லிய மூச்சொலியையும் சொல்லின் இறுதியில் தொண்டை அடைத்து நிற்கும் ஒலியையும் இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். லிம்புவில் அந்தத் தொண்டையொலி பொருளை மாற்றக்கூடியது.

சுருதியால் பொருள் மாறும் மொழிகளும் இங்கே உண்டு. தமாங்கில் நான்கு சுருதிகள். பூட்டியாவில் உயர்வும் தாழ்வும். சொற்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் குரல் தானாக இறங்கும். அந்த இறக்கத்தைச் சுருதி என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லவைத்து நடுவில் உள்ளதை அளப்பதும், ‘அவர் … என்று சொன்னார்’ போன்ற ஒரே வாக்கியத்தின் நடுவில் பொருத்திச் சொல்லவைப்பதும் பழகிய வழிகள்.

மேசை வேலை

ஒரு நிமிடப் பேச்சை எழுத்தாக்கி, சொல்லுறுப்புகளைப் பிரித்து, மொழிபெயர்க்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 50 மணி நேரப் பதிவு கையில் இருந்தால் 3,000 மணி நேர வேலை. நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் 500 நாட்கள். திட்டப்பணங்கள் பெரும்பாலும் பதிவு முடியும்போதே தீர்ந்துபோவதால், எழுத்தாக்கப்படாத பதிவுகள் குவிகின்றன. அந்த மொழி தெரிந்தவர் மறைந்த பிறகு அவை வெறும் ஓசை. இதற்கு முட்டுக்கொடுக்க ஒரு வழி உண்டு. மூலப் பதிவை ஒலிக்கவிட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, இன்னொருவர் மெதுவாகத் திருப்பிச் சொல்வதைப் பதிவுசெய்வது, பிறகு நேபாளிப் பொருளையும் வாயாலேயே சொல்லவைப்பது. எழுத்தே வேண்டாம். பல் விழுந்த முதியவர் வேகமாகச் சொன்ன கதையைப் பத்தாண்டு கழித்துக் கேட்பவருக்கு இந்த இரண்டாம் பதிவுதான் துணை.

எழுத்தாக்கும்போது உள்ளூர் உதவியாளர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியத்தைத் தடுக்க வேண்டியிருக்கிறது. பேச்சில் வந்த நேபாளிச் சொற்களை நீக்கிவிட்டுத் தூய சொல்லைப் போட்டுவிடுவார்கள். தனித்தமிழ் கண்ட நமக்கு அந்த உந்துதல் புரியாததல்ல. பேசியது ஒரு வரியில் அப்படியே இருக்கட்டும், விரும்பும் வடிவத்துக்கு இன்னொரு வரி திறந்துகொள்ளலாம். ஈலான் போன்ற மென்பொருளில் ஒரே ஒலிக்கு எத்தனை வரியும் சேர்க்கலாம்.

எந்த எழுத்தில் எழுதுவது என்பது அரசியலும் தொழில்நுட்பமும் பிணைந்த கேள்வி. லெப்சாவுக்கும் லிம்புவுக்கும் சொந்த எழுத்துகள் உள்ளன. லிம்பு எழுத்து 2003-லும் லெப்சா எழுத்து 2008-லும் யூனிகோடில் சேர்ந்தன. சுனுவார், கிராத் ராய், குருங் கேமா எழுத்துகள் 2024-ல் சேர்ந்தன. யூனிகோடில் சேர்ந்த உடனே கைபேசியில் தெரிந்துவிடாது. எழுத்துருவும் விசைப்பலகையும் வர ஆண்டுகள் ஆகும். அதுவரை தேவநாகரியில் எழுதுகிறார்கள். அங்கேதான் தொண்டையொலி மீண்டும் வில்லங்கம் செய்கிறது. லிம்புவுக்காகவே கேள்விக்குறி போன்ற வடிவில் ஓர் எழுத்து தேவநாகரித் தொகுதியில் இருக்கிறது. விசைப்பலகையில் அது கிடைக்காததால் பலர் உண்மையான கேள்விக்குறியையே அடிக்கிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. மென்பொருள் அதை வாக்கிய முடிவாக எடுத்துக்கொள்ளும், ஒரு சொல் இரண்டாக உடையும், தேடினால் அகராதியில் கிடைக்காது. தொடக்கத்திலேயே எழுத்து விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் அதன்படி அடிப்பதற்கு ஒரு நாள் செலவாகும். ஆயிரம் பக்கத்தைப் பின்னால் திருத்த மாதங்கள் ஆகும்.

எல்லாவற்றையும் பதிவுசெய்யலாமா என்பது தனிக் கேள்வி. லிம்புக்களின் ‘முந்தும்’ என்னும் வாய்மொழி மரபு, ‘பெதாங்மா’ என்னும் பூசாரி ஓதுவது. அன்றாடப் பேச்சிலிருந்து விலகிய, இரட்டைச் சொற்கள் அடுக்கிவரும் மொழி அது. லெப்சாக்களில் ‘போங்திங்’, ‘முன்’ என்போர் சடங்கு நடத்துவோர். சாவுச் சடங்கின் பகுதிகளைச் சாவு இல்லாத நாளில் ஓதச் சொல்வதை அபசகுனமாக நினைப்பவர்கள் உண்டு. ஓதினாலும் யார் கேட்கலாம் என்ற வரம்பு இருக்கலாம். காப்பகங்கள் இதற்காகவே படிநிலைகள் வைத்திருக்கின்றன: எல்லாருக்கும் திறந்தது, கேட்டுப் பெறுவது, மூடியது. ஒப்புதலை ஆங்கிலப் படிவத்தில் கைரேகை வாங்கி முடிப்பதைவிட, இந்தப் படிநிலைகளை அவர் மொழியிலேயே விளக்கி, அவர் சொல்லும் பதிலை ஒலியாகப் பதிந்து அந்தக் கோப்போடு சேர்ப்பது உருப்படியானது. லெப்சாக்களுக்கென ஒதுக்கப்பட்ட சோங்கு பகுதிக்குள் நுழைய இந்தியருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அது அரசின் அனுமதி மட்டுமே. ஊரின் சம்மதம் வேறு.

சேமிப்பில் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பது அடிப்படை. நிலச்சரிவில் சாலை அறுந்துபோகும் மாநிலத்தில் ‘வேறு ஊர்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் நாள், இடம், பேசியவரின் குறியீடு, வயது, பிறந்த ஊர், தாயின் ஊர், பதிவுசெய்தவர், அனுமதிப் படிநிலை ஆகியவை அன்றிரவே எழுதப்பட வேண்டும். மொழி என்ற இடத்தில் ‘ராய்’ என்று எழுதிவிட்டால், பின்னால் யாராலும் அதைத் துலுங் என்றோ குலுங் என்றோ பிரித்தெடுக்க முடியாது. சிக்கிம் பல்கலைக்கழகத்தின் அருகிவரும் மொழிகள் மையம், சிக்கிமுக்கும் டார்ஜிலிங்குக்குமான இணையக் காப்பகத்தை நடத்துகிறது. மைசூருவின் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம், பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளுக்கான திட்டத்தை 2013 முதல் நடத்துகிறது. வேவ் கோப்புகள் இத்தகைய இடங்களில் இருக்கட்டும். ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியது அதிலிருந்து வெட்டிய சிறிய எம்பி3 கோப்புகள், ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடம், கோப்பின் பெயரே கதையின் பெயராக. மெமரி கார்டிலோ வாட்ஸ்அப்பிலோ போகக்கூடிய அளவில் இருந்தால்தான் அவை வீட்டுக்கு வீடு போகும்.